ஆறுமுகனின் அன்னை யார்?

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் பாடம் நடந்துகொண்டிருந்தது. முருகன் பிறந்த கதையை நாம் சொல்லி முடித்தோம். நெற்றிக்கண்ணில் தோன்றிய பொறிகள் ஆறு, அவற்றைச் சுமந்த காற்றும் கனலும், ஏற்றுக்கொண்ட கங்கை, வளர்த்தெடுத்த சரவணப் பொய்கை, பாலூட்டிய கார்த்திகைப் பெண்கள் அறுவர், இறுதியில் ஆறு குழந்தைகளையும் ஒன்றாக அணைத்த உமை. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "அய்யா, இவர்களில் பெற்றவர் யார்?" என்று கேட்டாள்.

நாம் என்ன விடை சொன்னோம் தெரியுமா? "அதெல்லாம் தெய்வ ரகசியம்; உட்கார்!" என்றோம். பகுத்தறிவு பேசும் நாம்தான் அப்படிச் சொன்னோம். மேடையில் கடாவும் கேள்வியை வகுப்பில் ஒரு சிறுமி கேட்டபோது, பழைய பண்டிதரின் குரல் நம் தொண்டையிலிருந்து புறப்பட்டது. அன்றிரவு உறக்கம் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு விடை தேடி நூல்களைப் புரட்டினோம். புரட்டியதில் கண்டதை இங்கே படைக்கிறோம்.

தோழர்களுக்கு முதலிலேயே ஒன்று கூறிவிடுகிறோம். ஆறு தலை எப்படிப் படுக்கும், பன்னிரண்டு கை எப்படிச் சட்டை மாட்டும் என்று கேலி பேசுவது எளிது. கூட்டத்தில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கேலி கலைந்ததும் கதை அப்படியே நிற்கும். கதையை அசைக்க வேண்டுமானால் கதையைப் படிக்க வேண்டும். அதுவும் அதைப் போற்றுகிறவர்களைவிடக் கவனமாகப் படிக்க வேண்டும்.

முதலில் வால்மீகி இராமாயணத்தை எடுத்துக்கொள்வோம். பால காண்டத்தில் விசுவாமித்திரர் இராமனுக்கு இக்கதையைச் சொல்கிறார். சிவனும் உமையும் கூடியிருந்த காலத்தில் தேவர்கள் அஞ்சி இடைபுகுகின்றனர். சிதறிய வித்தைப் பூமி தாங்குகிறது. தீயும் காற்றும் அதனுள் நுழைகின்றன. அது வெண்மலையாகி, நாணற்காடாகி, அங்கே கார்த்திகேயன் தோன்றுகிறான். தனக்குப் பிள்ளை இல்லாமற் செய்தார்களே என்று உமை சினம் கொள்கிறாள். தேவர்களின் மனைவியரும் பிள்ளை பெறாதிருக்கட்டும் என்று சபிக்கிறாள். தாங்கிய பூமியையும் சபிக்கிறாள். கதை முடிந்தது என்று எண்ணுவீர்கள். இல்லை! அடுத்த சருக்கத்திலேயே அதே விசுவாமித்திரர் அதே இராமனுக்கு வேறொரு பிறப்பைச் சொல்கிறார். அக்கினி கங்கையைக் கருவுறச் செய்கிறான். அவளால் அதைச் சுமக்க இயலவில்லை. இமயத்தின் அடியில் விட்டுவிடுகிறாள். அதிலிருந்து பொன்னும் வெள்ளியும் செம்பும் பிறக்கின்றன, குழந்தையும் பிறக்கிறது, கார்த்திகைப் பெண்கள் பால் கொடுக்கின்றனர். ஒரே நூல், ஒரே வாய், அடுத்தடுத்த சருக்கங்கள். பிறப்போ இரண்டு!

மகாபாரதத்துக்கு வருவோம். அதன் வன பருவத்தில் சிவனும் இல்லை, உமையும் இல்லை. ஏழு முனிவர்களின் மனைவியரைக் கண்டு அக்கினி மயங்குகிறான். அவனை விரும்பிய தக்கன் மகள் சுவாகை, அந்த மனைவியரின் வடிவங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு அவனை அடைகிறாள். அறுவர் வடிவம் எடுக்க முடிந்தது. வசிட்டரின் மனைவி அருந்ததியின் வடிவம் மட்டும் வாய்க்கவில்லை. ஆறு முறை பெற்ற வித்தை வெண்மலையிலுள்ள பொற்குண்டத்தில் இடுகிறாள். ஆறு தலையோடு கந்தன் பிறக்கிறான். பிறகு, அக்கினியை உருத்திரன் என்றும் சொல்வது உண்டு, ஆகவே இவன் உருத்திரனுக்கும் மகன் என்று ஓர் ஒட்டுப் போடப்படுகிறது.

அதே மகாபாரதத்தின் சல்லிய பருவத்தில் கதை வேறு. சிவனின் வித்து தீயில் விழுகிறது. தீ கங்கையில் இடுகிறது. கங்கை இமயத்தில் இடுகிறாள். குழந்தை வளர்ந்து வருகிறது. உருத்திரன், உமை, கங்கை, அக்கினி ஆகிய நால்வரும் எதிரே நிற்கின்றனர். பிள்ளை முதலில் யாரிடம் போவானோ என்று நால்வர் நெஞ்சிலும் ஓர் ஐயம். அவன் என்ன செய்தான்? நான்கு உருவாகப் பிரிந்து நால்வரிடமும் போனான்! கந்தன், சாகன், விசாகன், நைகமேயன் என்று அந்த நால்வருக்கும் பெயர்.

எண்ணிப் பாருங்கள். நம் மாணவி கேட்ட அதே கேள்வியைச் சல்லிய பருவத்தை எழுதியவரும் கேட்டிருக்கிறார். பெற்றவர் யார் என்ற வழக்கு அவர் காலத்திலேயே இருந்திருக்கிறது. தீர்ப்பு வழங்க இயலாத நீதிபதி, பிள்ளையை நான்காக்கி வழக்கை முடித்துவைத்திருக்கிறார்.

தமிழ் நூல்களாவது ஒன்றுபட்டுப் பேசுகின்றனவா? பரிபாடலின் ஐந்தாம் பாடலைப் பாடியவர் கடுவன் இளவெயினனார். அவர் சொல்லும் கதையில் இந்திரனுக்குக் கொடுத்த வரத்துக்காகச் சிவனே கருவைத் துண்டு துண்டாக்குகிறான். அத்துண்டுகளை எழு முனிவரும் வேள்வித் தீயில் இட, மிச்சத்தை அருந்ததி ஒழிந்த அறுவரும் உண்டு கருவுற்று, சரவணத்துத் தாமரைப் படுக்கையில் ஈன்றனர். இங்கே பெற்றவர் கார்த்திகைப் பெண்கள். திருமுருகாற்றுப்படையும் அறுவர் பயந்த செல்வன் என்ற கருத்தையே கூறுகிறது. ஆனால் அதே ஆற்றுப்படை அவனை மலைமகளின் மகன் என்றும் அழைக்கிறது. கொற்றவையின் சிறுவன் என்றும் அழைக்கிறது. நூற்றாண்டுகள் கழித்துக் காஞ்சியில் கச்சியப்ப சிவாசாரியார் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் கந்த புராணம் பாடியபோது, பெற்ற அறுவரும் பாலூட்டிய செவிலியராகி நிற்கின்றனர். நெற்றிக்கண்ணின் பொறிகளே பிறப்புக்குக் காரணமாகின்றன.

சேவலையும் மயிலையும் பாருங்கள். சூரபதுமன் மாமரமாகி நின்று வேலால் இருகூறாக, ஒரு கூறு சேவலும் மறு கூறு மயிலும் ஆயிற்று என்று கந்த புராணத்தால் நாம் அனைவரும் அறிவோம். பரிபாடலோ, சேவலை அக்கினி கொடுத்தான், மயிலை இந்திரன் கொடுத்தான், ஆட்டு மறியை எமன் கொடுத்தான் என்கிறது. பிள்ளையின் கையிலுள்ள பொம்மை பகைவனின் பிணமா, தேவர்களின் பரிசா? இரண்டும் உண்மையாக இருக்க முடியாதன்றோ?

"இவையெல்லாம் தத்துவம், ஆறு முகமும் ஆறு எழுத்து, உள்ளுறை அறியாமல் பிதற்றாதீர்" என்பார் உண்டு. அவர்களுக்கு நம் மறுமொழி இது: தத்துவம் ஒன்றானால் கதை ஏன் ஆறாயிற்று? அக்கினி மகனாக இருந்தபோது ஒரு தத்துவமும், சிவன் மகனானபோது மற்றொரு தத்துவமும் இருந்தனவோ? ஆறு முகத்துக்கு உள்ளுறை சொல்லும் அன்பர்கள், அடுத்து நாம் கூறப்போகும் ஆறு பெண்களுக்கும் உள்ளுறை சொல்லட்டும்.

வன பருவத்துக்குத் திரும்புவோம். கந்தன் பிறந்ததும் ஊர் பேசுகிறது: இவன் முனிபத்தினியர் அறுவருக்குப் பிறந்தவன் என்று. முனிவர்கள் மனைவியரைத் துறக்கின்றனர். "இவன் என் மகன்" என்று சுவாகையே சொல்கிறாள். நடந்ததைப் பார்த்திருந்த விசுவாமித்திரர், உங்கள் மனைவியர்மீது குற்றம் இல்லை என்று முனிவர்களிடமே கூறுகிறார். கேட்டார்களா? உண்மையைக் கேட்ட பின்னும் துறந்தனர் என்று அந்நூல் கூசாமல் எழுதுகிறது. ஏழு பேரில் ஒருத்தியின் வடிவை மட்டும் பிறர் எடுக்க முடியவில்லை. அவள் கற்பரசி ஆனாள். மற்ற அறுவரின் உருவத்தை வேறொருத்தி திருடினாள். திருட்டுக் கொடுத்தவர்கள் தண்டனை பெற்றனர்.

இக்கொடுமை எங்கிருந்து முளைத்தது? அறிவியல் கண்ணோடு வானத்தைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. வடவானில் எழு முனிவர் என்று நாம் கூறும் ஏழு விண்மீன்கள் உள்ளன. அவற்றுள் வசிட்டர் என்னும் மீனுக்கு அருகே மங்கலாக ஒட்டி நிற்பது அருந்ததி. கார்த்திகையோ வானத்தின் வேறொரு பகுதியில், வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கூட்டம். கந்தன் கதைக்கு முற்பட்ட சதபத பிராமணத்தில் ஒரு குறிப்பு உண்டு: கார்த்திகைகள் முன்பு அந்த எழுவரின் மனைவியர், எழுவர் வடக்கே எழுகின்றனர், இவர்கள் கிழக்கே எழுகின்றனர், ஆகவே கூடி வாழ்வது தடைப்பட்டது. அவ்வளவுதான்! அங்கே பழி இல்லை, பொற்குண்டம் இல்லை, பிள்ளையும் இல்லை. ஏழு ஆண் மீன்கள் ஒரு புறம், ஆறு பெண் மீன்கள் மறு புறம், ஒருத்தி மட்டும் கணவன் பக்கத்தில். இந்தக் காட்சிக்குக் காரணம் கற்பிக்கப் புகுந்தவர்கள், பிரிந்திருக்கும் பெண் பிழைபட்டவளாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினர்.

இன்று நாம் அறிந்தது என்ன? கார்த்திகைக் கூட்டம் ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. கண்ணுக்கு ஆறு, தொலைநோக்கிக்கு நூற்றுக்கணக்கு. வசிட்டரும் அருந்ததியும் ஏறத்தாழ 80 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளனர். இவர்கள் என்றும் ஓரிடத்தில் குடும்பம் நடத்தியதில்லை, பிரிந்ததும் இல்லை. ஆனால் பட்டப்பகலில் மணப்பெண்ணை முற்றத்துக்கு அழைத்து வந்து, அம்மி மிதிக்கச் செய்து, தெரியாத அருந்ததியைத் தெரிகிறதா என்று கேட்கும் சடங்கு இன்னும் நடக்கிறது. அந்தப் பெண் அண்ணாந்து பார்க்கும் வானத்திலேயே குற்றமின்றி விரட்டப்பட்ட அறுவரும் இருக்கின்றனர். அவர்களைச் சுட்டிக் காட்டுவார் இல்லை.

இனி ஆறு கதைகளையும் ஒருசேர வைத்துப் பாருங்கள். எதில் மாறுபட்டாலும் ஒன்றில் ஏறக்குறைய எல்லாம் உடன்படுகின்றன. தீ சுமக்கிறது, காற்று சுமக்கிறது, மலை சுமக்கிறது, நாணல் சுமக்கிறது, பொற்குடம் சுமக்கிறது. உமையின் வயிறு மட்டும் சுமப்பதில்லை. பரிபாடலில் அறுவர் சுமந்தனர். அவர்களையும் பிற்காலம் செவிலியராக்கிவிட்டது. தாயை வணங்குகிறோம் என்று சொல்லும் சமயம், தன் செல்லப் பிள்ளையின் பிறப்பில் தாயின் கருப்பையைத் தீட்டு என்று ஒதுக்கியிருக்கிறது. உமை கோபத்தால் சபித்தாள் என்று எழுதியவர்கள், அவள் கோபத்துக்கு நியாயம் உண்டா என்று கேட்கவில்லை. அவள் சாபம் போனதும் எங்கே? வஞ்சித்தவர்களைவிட்டு அவர்கள் மனைவியர்மேல்!

இத்தனை முரண் ஏன் என்பதற்கு வரலாறு விடை தருகிறது. பதஞ்சலி தம் மகாபாடியத்தில் சிவன், கந்தன், விசாகன் என்று சிலைகளைத் தனித்தனியே குறிப்பிடுகிறார். குசான மன்னன் ஹுவிஷ்கனின் பொற்காசுகளில் கந்தகுமாரனும் விசாகனும் மகாசேனனும் தனித்தனி உருவங்களாக நிற்கின்றனர். யௌதேயர் காசுகளில் ஆறு தலைக் கடவுள் இருக்கிறான். கி.பி. 415 முதல் 455 வரை ஆண்ட முதலாம் குமாரகுப்தன் மயில்மேல் அமர்ந்த கார்த்திகேயனைக் காசில் பொறித்தான். பல குழுக்கள் பல இடங்களில் வணங்கிய பல தெய்வங்கள் ஒன்றாக்கப்பட்டன. ஒன்றாக்கிய பின் ஒவ்வொரு குழுவின் தாய்க்கும் தந்தைக்கும் கதையில் இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. பிறப்புக் கதைகளின் குழப்பம் இந்த இணைப்பின் தையல் வடுவே. தமிழகத்து முருகனும் அந்த இணைப்பில் சேர்க்கப்பட்டவனே. தொல்காப்பியம் சேயோனை மலைநிலத்துக்கு உரியவனாகச் சொல்கிறது. தந்தை பெயர் கூறவில்லை. பொறியும் பொய்கையும் பேசவில்லை. கொற்றவையின் சிறுவன் என்ற பழைய உறவு ஆற்றுப்படையில் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

இங்கே நம்மவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. "புராண முருகன் பொய், சங்க முருகன் மெய்" என்று முழங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. அது பகுத்தறிவு அன்று. பழைய பக்திக்குப் புதிய முகவரி. சங்க முருகனின் பூசாரி வேலன், பெண் மெலிந்தால் கழங்கு உருட்டிக் குறி சொன்னான், மறியை அறுத்துக் குருதி தூவினான், வெறியாடினான். அதுவும் மூடநம்பிக்கையே. நமக்குப் பெருமை தருவது அந்த வெறியாட்டு அன்று. அதைக் கண்டு நகைத்த புலவர்களே. வெறிபாடிய காமக்கண்ணியார் என்னும் பெண்பாற் புலவர் அகநானூற்றில், தாய் எடுத்த வெறியாட்டு ஒரு புறம் நடக்க, நோய் தீர்ந்தது காதலன் வந்ததால் என்று தலைவியைத் தனக்குள் சிரிக்க வைக்கிறார். நற்றிணையின் 34ஆம் பாடலில் தோழி முருகனையே நேர்நின்று கேட்கிறாள்: இவள் நோய் உன்னால் வந்ததன்று என்று அறிந்தும் வேலன் அழைத்தான் என்று வந்தாயே, கடவுளே ஆனாலும் நீ அறியாமை உடையவன்தான் என்பது அவள் பேச்சின் கருத்து. கடவுளை எதிரே நிறுத்தி அறிவிலி என்று சொல்லும் துணிவு ஒரு மலைநாட்டுத் தோழிக்கு இருந்தது. அந்தத் துணிவே நம் மரபு. அதைத்தான் நாம் சொந்தம் கொண்டாட வேண்டும்.

பிள்ளைப் பருவத்தைப் பற்றியும் சிறிது கூறுவோம். கந்த புராணக் குழந்தையின் திருவிளையாட்டு யாது? மலைகளை இடம் மாற்றுகிறான், வானத்துக் கோள்களைக் குலைக்கிறான், எதிர்த்த இந்திரனை வீழ்த்துகிறான்.  குழந்தையின் உருவில் ஒரு படைத்தலைவன்! அதே முருகனைப் பகழிக்கூத்தர் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழில் பாடும்போது செங்கீரையும் தாலும் சப்பாணியும் முத்தமும் வருகின்றன. புராணச் சரக்கு அங்கும் இல்லாமலில்லை. ஆயினும் பருவ அமைப்புக்கு அடிப்படை தமிழ்வீட்டு முற்றத்தில் உண்மையாகவே தவழ்ந்த பிள்ளை. ஒரு தாய் பார்த்து மகிழ்ந்ததைப் புலவர் பார்த்திருக்கிறார். பெற்ற தாயைப் புராணம் ஒதுக்கியது. வளர்க்கும் தாயின் கண்ணைப் பிள்ளைத்தமிழ் கடன் வாங்கியது. அதனால்தான் நம்பிக்கை இல்லாத நாமும் அதைப் படித்துச் சுவைக்க முடிகிறது. இலக்கியத்தைக் கொளுத்த வேண்டியதில்லை, தோழர்களே. எது மனிதனைக் கண்டது, எது மனிதனை மறைத்தது என்று பிரித்தறிந்தால் போதும்.

இறுதியாக, அயனைச் சிறையிட்ட படலம். கயிலைக்கு வந்த நான்முகனைக் குழந்தை முருகன் நிறுத்துகிறான். பிரணவத்தின் பொருள் யாது என்று கேட்கிறான். படைப்புக் கடவுள் விழிக்கிறான். தலையில் குட்டும் சிறையும் கிடைக்கின்றன. பின்னர் தந்தையே மகனிடம் பொருள் கேட்டான் என்று சுவாமிமலையில் பெருமையோடு கூறுகிறார்கள்.

குட்டியதும் சிறையிட்டதும் நமக்கு உடன்பாடு அன்று. விடை தெரியாதவரைக் குட்டுவது கல்வி ஆகாது. அத்தொழிலைச் சில பள்ளிகள் இன்றும் விடவில்லை. ஆனால் அக்கதையின் நடுவே ஒரு நல்ல பொருள் இருக்கிறது. பெரியவர் முன் ஒரு சிறுவன் கேள்வி கேட்டான், அந்தப் பெரியவருக்கு விடை தெரியவில்லை, கேட்டவனைக் கொண்டாடினார்கள். கேள்வி கேட்ட குழந்தையைக் கோயில் கட்டி வைத்திருக்கும் நாடு, கேள்வி கேட்ட குழந்தையை வகுப்பில் "உட்கார்" என்கிறது. அந்த நாட்டில் நாமும் ஓர் ஆசிரியராக இருந்தோம்.

மறுநாள் வகுப்புக்குச் சென்றதும் அந்த மாணவியை எழுப்பினோம். "நேற்று உனக்கு விடை சொல்லாதது எம் பிழை. பெற்றவர் யார் என்று இந்தக் கதைகளால் சொல்ல முடியவில்லை. ஒன்றுக்கொன்று மாறான ஆறு விடைகள் இருக்கின்றன" என்று கூறி, ஆறையும் கரும்பலகையில் எழுதினோம். வகுப்பு அமைதியாக எழுதிக்கொண்டது. மணி அடிக்கும் நேரம். அவள் மீண்டும் கை உயர்த்தினாள்.

"அய்யா, அந்த ஆறு பேரை வீட்டைவிட்டு அனுப்பினார்களே, அவர்களை யாராவது திரும்ப அழைத்தார்களா?"

நூல்களில் கந்தன் அவர்களைத் தாயென்று ஏற்றான். வானத்தில் இடம் கிடைத்தது. அவர்கள் வீட்டுக் கதவை மட்டும் யாரும் திறக்கவில்லை. அந்தக் கதவைப் பற்றிக் கேட்கும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களை உட்காரச் சொல்லாதிருப்போம்.